மைதாவின் கண்ணும் மூன்று கூலிங் கிளாஸும்

எதையும் பத்து நிமிட வீடியோவில் பார்த்துவிட்டால் அதில் பட்டம் வாங்கிவிட்டதாக நினைக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கேக், கித்தார் (ஆறு கம்பியில் இப்போது நான்கு இருக்கிறது), குழாய் ரிப்பேர் எல்லாவற்றிலும் அப்படித்தான் நிபுணி ஆனேன். ஆனால் முயல் கண் மருத்துவத்தில் நான் நிபுணி ஆன கதையைக் கேட்டால், உங்கள் வீட்டு மீன்தொட்டிப் பக்கம்கூட என்னை விடமாட்டீர்கள்.

மைதா எங்கள் முயலின் பெயர். நிறத்தைச் சொல்லத் தேவையில்லை. கல்லூரித் தோழி ஒருத்தி ஊருக்குப் போகும்போது, "ரெண்டு நாள் வெச்சுக்கோடி" என்று மடியில் வைத்துவிட்டுப் போனாள். ரெண்டு வருஷம் ஆகிறது. "அது இந்த வீட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்று சூளுரைத்த அம்மா, அடுத்த வாரமே கொத்தமல்லிக் கட்டில் பாதியை அதற்கென்று எடுத்து வைத்தாள். ஆவடியில் வெல்டர் வேலை பார்க்கும் அப்பா, சென்னீர்குப்பம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது என்னை அல்ல.

ஒருநாள் காலையில் பார்த்தால் மைதாவின் இடது கண் பாதி மூடியிருந்தது. ஓயாமல் நீர் வடிந்து, கண்ணுக்குக் கீழே முடி ஈரமாக ஒட்டிக்கிடந்தது. நான் ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னேன்.

"மெட்ராஸ் ஐ!"

"மொசலுக்கு மெட்ராஸ் ஐ வருமாடி?"

"மெட்ராஸ்ல இருக்கிற யாருக்கும் வரும்மா."

(சென்னீர்குப்பம் மெட்ராஸில் சேர்த்தியா என்பது தனி வழக்கு.)

என் தீர்ப்புக்கு ஆதாரம் இருந்தது. போன மாதம்தான் எனக்கு மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தது. நான்தான் ஒட்டவிட்டிருக்கிறேன் என்று குற்றத்தையும் நானே ஒப்புக்கொண்டேன். அடுத்து, பாதுகாப்பு நடவடிக்கை. மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும், வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எதற்கு வம்பு? மைதாவுக்கு என் கூலிங் கிளாஸை மாட்டிப் பார்த்தேன். காது உச்சந்தலையில் இருப்பவர்களுக்குக் கண்ணாடி நிற்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நோயாளி போட முடியாவிட்டால் என்ன, வீட்டார் போட்டுக்கொள்ளலாமே?

நான் என்னுடையதைப் போட்டேன். அம்மா, மாமா கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய வட்டக் கண்ணாடியைப் பீரோவிலிருந்து எடுத்தாள். அப்பா வெல்டிங் கண்ணாடியோடு வந்து நின்றார்.

"பாப்பா, இதுல சூரியனே உள்ள வராது. மெட்ராஸ் ஐ எப்டி வரும்?" என்றவர், ஸ்டூலில் முட்டிக்கொண்டு கீரையை மைதாவுக்குப் பதிலாக மிதியடிக்கு ஊட்டினார்.

பிறகு வைத்தியம். எனக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருந்தது. மைதாவை அடுப்பு மேடையில் உட்கார வைத்து, அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வீடியோவில் வந்த டாக்டரைப் போலவே மருந்தை உயர்த்தினேன். வீடியோவில் வந்த முயல் உதைக்கவில்லை. மைதா உதைத்தது. மருந்து பறந்துபோய் ரசத்தில் விழுந்தது. ரசத்துக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கும். மைதாவுக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

"நாளைக்குத் தானா சரியாயிடும்" என்றேன். என்னுடையது அப்படித்தான் சரியானது.

மறுநாள் மைதா சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அம்மா கொத்தமல்லியை மூக்கருகில் கொண்டுபோனாள், திரும்பவே இல்லை. "ஏன்டா செல்லம், அம்மா மேல கோவமா?" என்ற அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் நீர் இறங்கியபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

"கண்ணு போயிடுமா பாப்பா?" என்று அப்பா கேட்டார்.

அதற்கு என்னிடம் வீடியோ இல்லை.

குமணன்சாவடியைத் தாண்டி ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார் என்று விசாரித்து ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, மொசலா? கறிக்கா?"

"கண்ணுக்கு" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கண்ணுக்கு இன்னா?"

"மெட்ராஸ் ஐ" என்று நான் வாயை விட்டேன்.

அவ்வளவுதான். "முன்னாடியே சொல்றதில்லையா? ஊட்ல கொயந்தைங்க கீதும்மா!" என்று பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டார். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, பின்னால் வருவது எதுவும் தெரியாமல் போன அந்தப் பயணத்தில் மைதா ஒன்றைத்தவிர எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். அதற்கு ஏற்கெனவே பாதி மூடித்தான் இருந்தது.

டாக்டரம்மா எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கள்ல யாருக்குக் கண்ணு தெரியல?"

நான் மெட்ராஸ் ஐ பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மைதாவை ஒரு துண்டில் தலை மட்டும் தெரிகிற மாதிரி இறுக்கிச் சுற்றினார். மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டார். இமையை மெல்ல விலக்கியவர், "இங்க வாம்மா. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு" என்றார்.

கழற்றினேன். கண்ணின் மூக்கோரத்தில், இமைக்குள் பாதி புதைந்து, பொன்னிறமாக ஒரு துளி வைக்கோல் துணுக்கு.

பால்காரர் தொழுவத்திலிருந்து அந்த வைக்கோலை வாங்கி வந்து கூண்டில் பரப்பியவள் நான்தான். முயலுக்குச் செய்தித்தாள் ஆகாது என்று வீடியோவில் சொன்னார்கள். ஒன்றரை நாள் மூன்று பேர் மாற்றி மாற்றி அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறோம். எல்லாம் கறுப்புக் கண்ணாடி வழியாக!

டாக்டரம்மா துணுக்கை எடுத்துவிட்டு, ஏதோ சாயத்தை விட்டு நீல விளக்கடித்தார். கருவிழியில் நகக்கீறல் போல ஒரு பச்சைக் கோடு ஒளிர்ந்தது. அதுதான் புண். "ஆழமா போகல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. வேற எதாவது மருந்து விட்டீங்களா?"

மருந்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அதுல ஸ்டீராய்டு இருக்கு. கண்ணுல புண்ணு இருக்கறப்ப அது போனா புண்ணு பெருசாயிடும்."

"ரசத்துலதான் விழுந்துச்சு" என்றாள் அம்மா.

"முயலுக்கு இருக்கிற அறிவு..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, மரியாதை கருதி மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வீடு ராணுவ முகாம். ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. துண்டில் சுற்றுவது அப்பா. வெல்டிங் செய்யும் கை ஆடவே இல்லை. இமையை விலக்குவது அம்மா. சொட்டுவது நான், வெறுங்கண்ணோடு. முதல் நாள் என் சுடிதாருக்கு ஆறு சொட்டு, மைதாவுக்கு ஒன்று. மூன்றாம் நாள் மைதாவுக்கே எல்லாம். முயல் சாப்பிடாமல் கிடப்பது கண் புண்ணைவிட ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால் அம்மா கூண்டடியிலேயே காவல் இருந்தாள். ஒரு காலை, தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறினாள்: "புழுக்கை போட்டுடுச்சு!" பக்கத்து வீட்டு அக்கா யாருக்கோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்.

எட்டாம் நாள் மறுபடியும் சாயம், மறுபடியும் நீல விளக்கு. டாக்டரம்மா இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். பச்சை இல்லை. ஒரு கோடு, ஒரு புள்ளிகூட இல்லை.

"சுத்தமா ஆறிடுச்சு. நல்லா பாத்துக்கிட்டீங்க."

பொறியியல் படிப்பில் நான்கு வருஷமாக யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. அப்பா அங்கேயே விசிலடித்தார். வரிசையில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன.

வாசலில் வெற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். மூவரும் கூலிங் கிளாஸோடுதான் நிற்க வேண்டுமாம், 'கெத்துக்கு'. நடுவில் அம்மா கையில் மைதா. அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பு. அதைப் பார்த்துவிட்டு ஆவடிச் சித்தி பதறிப்போய் போன் செய்தார்: "ஏன்க்கா, மூணு பேருக்கும் ஒரே நாள்ல கேட்டராக்ட் ஆபரேஷனா? எங்க கேம்ப்பு?"

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், "வாங்க வாங்க, கட்டு பிரிச்சாச்சா?" என்றுதான் எங்களை வரவேற்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் படத்தில் தெரிவது ஒரே ஒரு ஜோடிக் கண்தான். இரண்டும் முழுசாக இருக்கின்றன.