மாப்பிள்ளை பிடுங்கிய ஞானப்பல் பற்றிச் சம்பந்திக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம். என் கீழ்த்தாடையின் வலது பக்கம் மட்டும் சௌக்கியமில்லை. தாங்களும் சம்பந்தி அம்மாளும் முழுப் பல்வரிசையோடு நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடைசிப் பல் இரண்டு மாதமாகக் குடைவதாகவும், பல் டாக்டரான பையன் தானே எடுத்துவிடுவதாகச் சொல்வதாகவும், "உங்களுக்கு எடுத்தானே, எப்படி இருந்தது, ஒளிக்காமல் எழுதுங்கள்" என்றும் கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளையின் அப்பாவிடம் ஒளிக்காமல் எழுதுவது பல் பிடுங்கிக்கொள்வதைவிடக் கடினம். இருந்தாலும் முப்பது வருஷம் கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். குறைத்து அளந்து பழக்கமில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் என் மகளின் காது வீட்டின் எல்லா அறைகளிலும் இருக்கிறது.

"ரெண்டே நிமிஷம் மாமா" என்றுதான் மாப்பிள்ளை ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்ததால் சொல்கிறேன், நாற்பத்தாறு நிமிஷம். மரப்பு ஊசி போட்டதால் வலி இல்லை, ஆனால் சத்தம் கேட்டது. பழைய கதவை நிலையோடு பெயர்க்கும் சத்தம். ஒரு கட்டத்தில் தங்கள் மகன் ஒரு காலை நாற்காலியின் அடிக்கட்டையில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்தார். அவருடைய பல்லை. ஞானப்பல் வந்ததும் நானும் அவரும் அசந்து போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஞானமும் ஒரு தட்டில் கிடந்தது.

மூன்றாம் நாள் வலி ஆரம்பித்தது. காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் உட்கார்ந்து, கழுத்துக்கு இறங்கி, மறுபடி காதுக்குப் போகும். "சாதாரணம் மாமா, மூணு நாள்ல அடங்கிடும்" என்றார். எந்த மூன்று நாள் என்று சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டு மேஜையில், "பத்துக்கு எவ்வளவு மாமா வலி?" என்று கேட்பார். முதல் நாள் உள்ளபடியே, "ஏழே கால்" என்றேன். அவர் முகம் தொங்கிப் போய், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "அப்பா, அவரே புதுசா கிளினிக் போட்டுட்டு ஆள் வரலையேன்னு தூங்காம கிடக்குறாரு. வீட்டு ஆளுக்கே சரியா எடுக்கலைன்னா என்ன ஆவாரு? மூணுன்னு சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து மூன்று. அரசாங்க முத்திரை பிடித்த கையால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கள்ள எடை சொன்னேன்.

அதோடு போயிற்றா? வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், வந்து காத்திருக்கும் அறையில் உட்காருங்கள், கூட்டம் மாதிரித் தெரியும் என்றார்கள். நானும் ஒரு பழைய பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் கூட்டமாக இருந்தேன். ஆறாம் நாள் ஒரு பஸ் டிரைவர் வந்தார். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற ஆள், கதவுப் பிடியை விடாமல் நின்றார். "மாமாவுக்கே நான்தான் எடுத்தேன், அவரையே கேளுங்க" என்று தங்கள் மகன் பெருமையாகக் கையைக் காட்டினார். டிரைவர் என் பக்கம் குனிந்து, "வலிக்குமாங்க?" என்றார். இல்லை என்று சொல்லத்தான், சம்பந்தி, நான் வாயைத் திறந்தேன். பல் இருந்த குழியில் காற்றுப் பட்டது. சொல் வரவில்லை, கண்ணீர் வந்தது. "நல்லாருங்க ஐயா" என்று என் தோளைத் தட்டிவிட்டு டிரைவர் போயே போய்விட்டார். மறுநாளிலிருந்து எனக்கு வீட்டிலேயே ஓய்வு.

பதினேழாம் நாள் பொறுக்க முடியாமல், நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் இருக்கும் வயதான பல் டாக்டர் அம்மாவிடம் போனேன். பெயரைக்கூட மாற்றிக் கொடுத்தேன். கதவைத் திறந்தால், உள்ளே தங்கள் மகன்! என் தாடையின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வீட்டுல மூணுங்கறாரு மேடம். ஆனா இன்னும் கஞ்சியைத் தாண்டல. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் அவருக்குப் பாடம் சொன்னவராம். டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார், என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "இந்தப் படத்துக்கு உண்டான வாய் அதுதானா? உள்ள வாங்க" என்றார்.

நான் நாற்காலியில் சாய்ந்ததும் அந்த அம்மாள் குழியைப் பார்த்துவிட்டு, "உள்ள எலும்பு ஒண்ணு உடைஞ்சு நிக்குது. நீயே எடுப்பா, நான் பாக்கறேன்" என்று மாப்பிள்ளை கையில் கருவியைக் கொடுத்துவிட்டார். எனக்குப் பாதி உயிர் போயிற்று. ஆனால் அவர் இந்தத் தடவை நிமிஷக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. "வலிச்சா உண்மையைச் சொல்லுங்க மாமா" என்றார். சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அரிசி நுனியளவு எலும்புச் சில் ஒன்று வந்தது. குழியில் மருந்து வைத்தார். அந்த அம்மாள், "இது யாருக்கும் ஆகும். ஆனா பதினேழு நாள் ரெண்டு பேரும் நடிச்சது உங்களுக்குத்தான் ஆகும்" என்றார். வெளியே வந்து, மகளுக்குத் தெரியக் கூடாதென்று நானும் மாப்பிள்ளையும் வெவ்வேறு பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

வலி இன்னும் முழுதாகப் போகவில்லை; டிக்கெட் வாங்காத பயணி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்: தங்கள் மகன் தங்கமான பையன். தாங்கள் பெற்ற பிள்ளைகளிலேயே சிறந்தவர். ஆனால் வாயைத் திறக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு என்று சொல்லுங்கள், சர்க்கரை என்று சொல்லுங்கள், பல்லே தானாக விழுந்துவிட்டது என்றுகூடச் சொல்லுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். கடித்ததெல்லாம் மெல்லவும், மென்றதெல்லாம் செரிக்கவும் தங்களுக்கு அருள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறை தேடி வந்த மகள் இதை முழுக்கப் படித்துவிட்டாள். எலும்புச் சில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்குத் தெரியாம உங்களுக்காகப் படத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தி அம்மாளுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் பெயரை எழுதிவிட்டாள். சம்பந்தி அம்மாளும் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டார்களாம். ஆகையால் மேலே கண்டதெல்லாம் மாத்திரை மயக்கத்தில் எழுதியது என்று கொள்ளவும். மாப்பிள்ளைக்குப் பூப்போன்ற கை. கொஞ்சமும் வலிக்காது. வரும்போது ஒரு தலையணை எடுத்து வாருங்கள். தலைக்கு அல்ல, முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்துவதற்கு.