காஜா பேராங் கும்பகர்ணன்

அம்மை போட்டும் இரண்டு கண்ணும் தப்பியது. ஜப்பான்காரன் காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு தின்றும் ஒரு பல்கூட ஆடவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கு இரண்டாம் தடவையில் வசப்பட்டது. துறைமுக ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலைக்கு வந்து நின்ற கூட்டத்தில் இவனைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வாசகசாலைக் கட்டுரைப் போட்டியில் மூன்றாம் பரிசு. எழுதியதே மூன்று பேர்தானே என்பார்கள் சிலர்; நான்காவதாக ஒருவர் பேர் கொடுத்துவிட்டுப் பயந்து வராமல் போனது அவர்களுக்கு எங்கே தெரியும்?

தம்பி கருணாகரன் வென்றவற்றைக் கமலவேணி இப்படித்தான், ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களுக்கு அளவெடுத்துக்கொண்டே, ஒன்றுவிடாமல் சொல்லுவாள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் தப்பி ஓட முடியாது.

ஆனால் நாம் பார்க்க வந்தது கருணாகரனை மட்டும் அல்ல, அவனுடைய இனத்தை. புராணத்திலிருந்து ஆள் பிடிக்கும் கதாசிரியர் இனம். மலாக்காவில்தான் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் இருக்கும்.

இந்த இனத்தானுக்கு மனிதனை மனிதனாகப் பார்க்க வராது. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் நாரதர் வந்துவிட்டார் என்பான். பசாரில் மீன் வெட்டுகிறவரைப் பரசுராமர் என்று கும்பிடுவான். இந்தக் காலத்துக் கதை ஒன்று எழுதப் போகிறேன் என்று உட்காருவான், பேனாவைத் திறப்பான், கூரையைப் பார்ப்பான், அங்கே பல்லி இருக்க வேண்டிய இடத்தில் தேவலோகமே வேலை கேட்டு வரிசையில் நிற்பதுபோல, ஊர்வசிக்கு டைப்பிஸ்ட் உத்தியோகம், அகத்தியருக்கு மருந்துக்கடை, எமனுக்கு லாரி என்று வாரி வழங்குவான். கர்ணனை மட்டும் யாருக்கும் தரமாட்டான். கர்ணன் எப்போதும் கதாசிரியன்தான். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

“அது குறியீடு” என்பான்.

எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

கமலவேணி நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் கையெழுத்தும் தையலைப் போலத்தான், வரி கோணாது. தம்பி கிறுக்கிப் போடுவதைப் பத்திரிகைக்கு நல்லபடியாக எழுதித் தருவது அவள் வேலை. எழுதும்போது சந்தேகங்கள் வரும்.

“தம்பி, ராவணன் ஆபீசுக்குப் போறான்னு எழுதியிருக்கியே, சட்டைய எந்த வழியா மாட்டினான்?”

“என்னக்கா கேள்வி இது?”

“பத்துத் தலைடா. அதுக்குத் தக்கன கழுத்து அகலம் விட்டா சட்டை தோள்ல நிக்காதே.”

“அக்கா, அது குறியீடு.”

“குறியீடுன்னா பட்டன் வேணாமா?”

முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டை என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் அந்தக் கதை தபாலுக்குப் போனது.

இத்தனையும் எழுதிவிட்டு அடியில் தன் பெயரைப் போடுவானோ? மாட்டான். ‘அசரீரி’ என்று போடுவான். குரல் வரும், ஆளைக் காணோம். காரணம் இருக்கிறது. அவன் பிடித்து வருகிற தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் பெயர்தான் புராணத்துடையது, உடம்பு அக்கம்பக்கத்தாருடையது. எமனின் லாரியை ஓட்டுகிறவர் மூன்றாம் வீட்டுக்காரர். எழுதியது யார் என்று தெரிந்தால் உதை விழும். அசரீரியை எங்கே போய் உதைப்பது?

இப்படியிருக்கையில் நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்தது. வார இதழ் ஒன்று சிறப்பிதழுக்குக் கதை கேட்டது. கருணாகரன் கூரையைப் பார்த்தான். கும்பகர்ணன் இறங்கி வந்தான்.

கதையில் கும்பகர்ணன் மலாக்காவில் கடை வைத்திருக்கிறான். மல்லி மூட்டைமேல் படுத்துத் தூங்குகிறான். பக்கத்தில் ஒரு மீசைக்காரச் சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான். பழைய கொடி இறங்குகிறது, புதுக்கொடி ஏறுகிறது, பாண்டு வாத்தியம் காதருகே போகிறது, பட்டாசு வெடிக்கிறது. கும்பகர்ணன் புரண்டுகூடப் படுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எழுந்து கொட்டாவி விட்டு, “துரை டீ குடிச்சாச்சா?” என்று கேட்கிறான்.

அந்தக் குறட்டைக்குச் சொந்தக்காரர் ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலைக்கடை வைத்திருக்கும் ராஜரத்தினம். மத்தியானத்தில் அவர் கடைக்குப் போகிறவர்கள் தாங்களே நிறுத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். இதில் என்ன வந்தது என்கிறீர்களா? அவர் மகள் சந்திரமதியைத்தான் கருணாகரனுக்குப் பேசியிருந்தது. கருணாகரனுடையது தாய் தகப்பன் இல்லாத வீடு. கமலவேணி ஒருத்தியாகவே நடையாய் நடந்து கொண்டுவந்த சம்பந்தம்.

“மூட்டைய மட்டுமாவது மாத்துடா. அரிசி மூட்டைன்னு போட்டுடு” என்று கெஞ்சினாள்.

“மல்லி வாசம்தான்க்கா கதையோட உயிர்.”

“உன் கல்யாணத்தோட உயிர்?”

கலைஞன் அசையவில்லை. இதழ் வெளிவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தத்தை உறுதி பண்ண ராஜரத்தினம் காஜா பேராங்கில் இருந்த கமலவேணி வீட்டுக்கு வந்தார். ஜாக்கெட் அளவு கொடுக்கிற சாக்கில் சந்திரமதியும் வந்தாள். அவர் கக்கத்தில் அந்த இதழ்.

“ஏம்மா கமலவேணி, இதப் படிச்சியா?”

“எனக்கு எங்க மாமா நேரம்” என்றாள், அத்தனை எழுத்தையும் தன் கையால் எழுதியவள்.

“வயிறு வலிக்கச் சிரிச்சேன் லா! நம்ம துணிக்கடை பொன்னுதுரைய அப்படியே உரிச்சு வச்சிருக்கான். அதே தூக்கம், அதே குறட்டை. யாரும்மா இந்த அசரீரி? கண்டா மாலை போடுவேன்.”

இங்கேதான் இனத்தின் மறுபாதியைக் கவனிக்க வேண்டும். எழுதுகிறவன் ஒரு பாதி என்றால், தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரனை அடையாளம் சொல்லுகிறவன் மறுபாதி.

ராஜரத்தினம் கருணாகரன் பக்கம் திரும்பினார். “நீயும் இருக்கியே தம்பி. ஆபீஸ் போற, வர்ற. வாயத் திறந்து ஒரு வார்த்தை உண்டா? உண்மையச் சொன்னா, எனக்கு இன்னும் மனசு ஒப்பல. இந்த அசரீரி மாதிரி ஒருத்தன் கிடைச்சா கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் கொடுப்பேன்.”

“கண்ண மூடுறது அப்பாவுக்குக் கஷ்டமே இல்ல” என்றாள் சந்திரமதி, மெதுவாக.

கமலவேணியால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும். தம்பி வென்ற ஒன்றைச் சொல்லாமல் விடுவதை மட்டும் முடியாது.

“அந்த அசரீரி இவன்தான் மாமா!”

கருணாகரன் கதவுப் பக்கமாக நகர்ந்தான். ராஜரத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இவனா?”

“எனக்கு ஒரு சந்தேகம்ப்பா” என்றாள் சந்திரமதி. “கும்பகர்ணன் மல்லி மூட்டைமேல படுக்கிறானே, துணிக்கடையில மல்லி மூட்டை ஏது?”

கமலவேணியின் கையிலிருந்து அளவு நாடா நழுவியது.

“மாமா” என்றான் கருணாகரன். “அது வந்து... குறியீடு.”

ராஜரத்தினம் இதழைப் பிரித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தார். கல்யாணம் ஒன்று அந்த உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப நான்தான் கும்பகர்ணனா?”

கமலவேணி குனிந்து, விழுந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

“எப்பேர்ப்பட்ட வீரன்!” என்றார் ராஜரத்தினம். “அண்ணன் செஞ்சது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, அப்புறம் அந்த அண்ணனுக்காகவே செத்தவன். சகுனின்னு போட்டிருந்தா நடக்கறதே வேற. ஆமா, இதுல பொன்னுதுரைக்கு ஏதாச்சும் இடம் இருக்கா?”

“இல்ல மாமா.”

“சின்ன இடம்கூட?”

“இல்லவே இல்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “இப்பவே போய்ச் சொல்லணும். ஆனா ஒண்ணு, மருமகனே. எழுதினவன் பேரு இல்லாட்டி எழுதப்பட்டவன் பேரு ஊருக்கு எப்படித் தெரியும்? போடு உன் பேர!” சட்டைப் பையிலிருந்து பேனாவை நீட்டினார்.

மருமகனே என்ற சொல் காதில் விழுந்ததும் கமலவேணிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு ஒரு சந்தேகமும் வந்தது.

“தம்பி, இதுல சித்திரகுப்தன் கழுத்துல அளவு நாடா போட்டுக்கிட்டு, எல்லாத்தையும் திருத்தித் திருத்தி எழுதறானே. யாருடா அது?”

கருணாகரன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

“அடப்பாவி! எழுதும்போது மீசையப் பாத்து ஏமாந்துட்டேனே!”

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். நல்லது. ராஜரத்தினத்தைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்ததே, மைத்துனரா, மேலாளரா? அவரிடமும் இதைப் படிக்கக் கொடுத்துப் பாருங்கள். சிரித்துச் சிரித்து, உங்களையல்லவா பார்ப்பார்!

கருணாகரன் ‘அசரீரி’ என்ற அச்செழுத்துக்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினான்.

“தேதி போடாத கையெழுத்து ஒரு கையெழுத்தா?” என்று கமலவேணி பேனாவைப் பிடுங்கி, வரி கோணாமல் கீழே எழுதினாள்: 15.9.1957.