கேள்வி குறைந்த சாமி

சின்ன வயதில் கொஞ்ச காலம் நான் சாமியாக இருந்தேன். சுகமான உத்தியோகம். வாழைப்பழம் தானாக வரும், வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் இருந்தோம். கூப்பிட்டால் திரும்பமாட்டேன், எதைக் கேட்டாலும் சிரித்து வைப்பேன். அதனால் கோயில் பூசாரி என்னை மௌனச் சாமி என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்தார். என்னைச் சோதித்துவிட்டு அம்மாவிடம், "குட்டிக்குக் கேள்வி குறவாணு" என்றார். மலையாளத்தில் கேள்வி என்றால் காது கேட்கும் திறன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்கு அது எங்கே தெரியும்? ஞானிக்குக் கேள்வி குறைவாகத்தானே இருக்கும், டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டு வந்தாள். (நானும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு, என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டுமே.)

அப்போதுதான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவின் தங்கை. வந்த வரனெல்லாம் தட்டிப்போய், இதுவும் போனால் என்ன செய்வது என்று வீடே கலங்கியிருந்த நேரம். இந்த மாப்பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே அத்தைக்குப் பிடித்துவிட்டது. பேச்சு முடிகிற நேரத்தில், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, அம்மா என்னைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தாள். வீட்டிலேயே சாமி இருக்கும்போது வாக்குக் கேட்காமல் இருப்பதாவது.

"மாப்பள எப்படிங்க சாமி?"

அம்மாவின் வாயசைப்பில் எனக்குப் பிடிபட்டது 'மா' மட்டும்தான். எதிரே அவர்கள் கொண்டுவந்த தட்டில் மாம்பழம், அதில் ஒன்றில் பொடி ஓட்டை. மாந்தோப்பு ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? மாங்காய்த் தரகர் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"மேல பாத்தா மினுமினுன்னு இருக்குது. உள்ளார வண்டு. மாட்டுக்குப் போட்டுருங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "எம்பட பையன மாட்டுக்குப் போடறதுங்களா?"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாளோ செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்போது உள்ளேயிருந்து அத்தை வந்தாள். என் முதுகுக்குப் பின்னால் நின்று, பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போட்டாள். வந்தவர்கள் எல்லோரும் துள்ளி விழுந்தார்களாம். நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நங்கை, இது சாமி இல்லீங்க. செவுடு" என்றாள் அம்மாவிடம். (அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.) சொல்லும்போது அவள் குரல் நடுங்கியதாம். பாவம், எனக்கெங்கே கேட்டது.

மாப்பிள்ளை வந்து அந்த ஓட்டை மாம்பழத்தைக் காட்டி, இதுவா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். கத்தி வாங்கி அறுத்தார். உள்ளேயிருந்து ஒரு வண்டு சாவகாசமாக நடந்து வந்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு அவருடைய அம்மாவும் உட்கார்ந்துவிட்டார்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் என் காதிலிருந்து எடுத்த குரும்பியைப் பார்த்து அம்மா அழுதாள். பிள்ளைக்குக் காது வந்த சந்தோஷம் பாதி, சாமி போன துக்கம் பாதி. எனக்கு முழுக்கத் துக்கம்தான். வீடு திரும்பியதும் சாணி அள்ளச் சொன்னது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அத்தை அவரையே கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் மாமாவோடு சண்டை வந்தால் என்னைக் காட்டித்தான் சொல்கிறாள்:

"உள்ளார வண்டுன்னு சாமி அன்னைக்கே சொல்லுச்சு. எனக்குத்தான் காது கேக்கல."