ஹோர்ன் அண்ணையின் பேய்ப்பாட்டு

அந்தச் செத்தவீட்டுக்கு எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்திருந்தது. பிரேதம் மட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பேய்க்கென்று பாட்டுக் கட்டிய ஒரே மனிதர் எங்கள் ஹோர்ன் அண்ணைதான். கொக்குவிலில் ஹோர்ன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர், தனிக்கட்டை. அவர் வீட்டு அறையொன்றில் இருந்துதான் நான் பல்கலைக்கழகம் போய்வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் என்பதால், யார் எதைச் சொன்னாலும் குறிப்பெடுப்பேன். அதனால் என்னைத் தன் ரசிகன் என்று நினைத்துவிட்டார்.

அவருடைய கனடாத் தங்கச்சி ஒருநாள் போனில் சொன்னாள்: "அண்ணை, இஞ்சை ஹலோவீனுக்குப் பிள்ளையள் பேய்வேசம் போட்டு, பேய்ப்பாட்டுக்கு ஆடுதுகள்."

"வெள்ளைக்காரன்ரை பேய் என்னத்துக்கு? மாமன் நான் இருக்கிறன்!"

கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதைப் பதிந்தார். பனையோலை உரசுவதைப் பதிந்தார். ஒரு பூனைச் சண்டைக்காக மூன்று நாள் மதிலடியில் குந்தியிருந்தார். பதினொரு நிமிடப் பாட்டு. அதைக் கடைசிவரை கேட்கத்தான் ஆளில்லை. நானே நாலாம் நிமிடத்தில், "படிக்கவேணும், சோதனை வருது அண்ணை" என்று எழும்பிவிடுவேன்.

"முழுக்க ஒருத்தரும் கேளாத பாட்டைப் பிள்ளையளுக்கு எப்பிடியடா அனுப்பிறது?" என்று வாடிப்போனார்.

பயம் போதாது என்று, தொடக்கத்தில் சங்கும் பறையும் சேர்த்தார். ஒரு பின்னேரம் கூரையில் ஹோர்னைக் கட்டிப் போட்டும்விட்டார்.

சங்கும் பறையும் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் வாசல் படலையடியில் நிற்கிறேன். மிச்சத்தைச் சனமே விளங்கிக்கொண்டது. கதிரைகள் வந்தன, வெள்ளைக்கொடி வந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயல்வீடுகளிலிருந்து தேத்தண்ணி வந்தது. "ஐயோ ஹோர்ன், காலமையும் என்னோடை சண்டை பிடிச்சியே!" என்று பக்கத்து வீட்டு மணியக்கா குழறிக்கொண்டு வந்தார்.

அண்ணை கூரையிலிருந்து ஏணியில் இறங்கினார்.

"உவன் உயிரோடையெல்லோ நிக்கிறான்!"

"ஓம் அக்கா. பாட்டைச் சோதிச்சுப் பாத்தனான்."

"கட்டையிலை போவானே! ஊரைக் கூட்டிப்போட்டு நிக்கிறாய்!"

"வந்ததுதான் வந்தியள். இருந்து கேளுங்கோவன். பதினொரு நிமிசம்தான்."

ஏசிக்கொண்டே கதிரைகளில் இருந்தார்கள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டார்கள். பூனைச் சண்டையில் சிரித்தார்கள். ஒருவரும் பயப்படவில்லை; ஒருவரும் எழும்பவும் இல்லை. பாட்டு முடிந்த பிறகும் மணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பயமோ அக்கா?" அண்ணை ஆசையோடு கேட்டார்.

"போடா. முதல் அழுத அழுகையே இன்னும் நிக்கேல்லை."

பாட்டு அன்றே கனடாவுக்குப் போனது. மொத்தச் செலவு, அயலட்டையின் தேத்தண்ணியில் கரைந்த மூன்று கிலோ சீனி. ஒருவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.