சர்க்கரை இல்லாத தெரு

"சைபர்" என்றார் டாக்டர் ஜெயஷீலா.

"எத்தனை?" என்றாள் சாவித்ரி. காது நன்றாகவே கேட்டிருந்தது.

"சைபர், மாமி. உங்க தெருவுல நாப்பத்தாறு வீடு, நூத்திப் பதினெட்டுப் பேர். சக்கரை சைபர். பிரஷர் சைபர். நீங்களே பாருங்க."

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். பாறசாலைக்காரர், போன மாதம்தான் இந்தச் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். சாவித்ரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அனந்தபுரியின் ஸ்ரீவராகம் பகுதியில் அவள் குடியிருக்கும் தெருவின் பெயர். அதற்கு எதிரே, கோழி இட்டுவிட்டுப் போனமாதிரி இரண்டு முட்டைகள்.

தெருச் சங்கத்தின் செயலாளர் அவள். முந்தாநாள் பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில் முழங்கால் வலி மருந்துக்காக அவள் நின்றபோது, முன்னால் ஒன்பது பேரும் பின்னால் ஆறு பேரும் அவள் தெருக்காரர்களே. ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். எழுபத்தெட்டு வயது தாணுமாலையன் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, முடியாமல் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் இங்கே ஓடிவந்திருந்தாள். வார்டுக்கு ஒரு புதன்கிழமைக் கிளினிக் வரப்போகிறதாம். டாக்டரும் மாத்திரையும் தேடி வந்துவிடும். அது தங்கள் தெரு பஜனை மடத்தில் நடந்தால் கிழங்கள் பிழைத்துப்போகும்.

"டாக்டர், இந்தக் கணக்கு சுத்தத் தப்பு."

"இருக்கலாம் மாமி. ஆனா மேல உள்ளவங்க கணக்கைத்தான் பாப்பாங்க, உங்க முகத்தைப் பாக்க மாட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள நம்பற மாதிரி ஒரு கணக்கு கொண்டு வாங்க. இல்லைன்னா கிளினிக் வேற தெருவுக்குப் போயிரும்."

"ஆரோ ஒரு பொறுப்பில்லாத ஜன்மம் வாயில வந்ததைச் சொல்லிவச்சிருக்கு. அது ஆருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்!"

மூலையில் நின்ற ஷிபா தொண்டையைச் செருமினாள். வீடு வீடாகப் போய் நோய்நொடி எழுதி வருகிற சுகாதாரப் பணியாளர் அவள்தான்.

"மாமி, அது வந்து…"

"நீ சும்மா இரு ஷிபா. உன் மேல ஒரு தப்பும் இல்லை. சொன்னதைத்தானே நீ எழுதுவாய்?"

ஷிபா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சாவித்ரி நேராகப் போனது ஜெபசிங்கிடம். அவள் கணவர் சாம்பசிவனின் பழைய சிநேகிதர். புள்ளிவிவரத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சாம்பாரில் உப்பு குறைவு என்றால்கூட "எத்தனை பேரிடம் விசாரிச்சே?" என்று கேட்கக்கூடிய மனிதர்.

"சாவித்ரியம்மா, எந்தக் கணக்குக்கும் மூலம்னு ஒண்ணு உண்டும். ஆத்தைப் பிடிச்சு மேல மேல போனா ஊத்து கெடைக்கும். வாங்க போவோம்" என்று லேப்டாப்பைத் திறந்தார்.

போனார்கள். நாடு முழுக்க எடுத்த குடும்பநலச் சர்வே கிடைத்தது. அதில் மாவட்டம் வரைக்கும்தான் இருந்தது. ஒரு தெருவைத் தேடுவது அரிசி மூட்டையில் மூக்குத்தியைத் தேடுவதுபோல. பிறகு ஒரு கல்லூரி மாணவியின் ஆராய்ச்சிக் கட்டுரை அகப்பட்டது. 'இத்தெருவில் சர்க்கரை நோய் அறவே இல்லாமைக்கு ஆவியில் வேகும் கொழுக்கட்டையே காரணம்' என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தது.

"இந்தப் பொண்ணு எங்க தெருவுக்கு வந்ததே இல்லையே!"

"எதுக்கு வரணும்? அடிக்குறிப்பு இருக்குல்லா. இது மாவட்ட அறிக்கையில இருந்து எடுத்தது."

மாவட்ட அறிக்கையின் அடிக்குறிப்பு வார்டு அறிக்கையைக் கை காட்டியது. வார்டு அறிக்கை 'வீட்டுப் பதிவேடு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டது. பதிவேடு என்பது கையால் எழுதிய நோட்டு. அது சுகாதார நிலையத்தின் அலமாரிக்குள் எங்கோ கட்டுக்குள் கட்டாகக் கிடந்தது.

"அது கெடைக்கும்போது கெடைக்கட்டும். நாமளே புதுசா எடுத்திருவோம்" என்றார் ஜெபசிங்.

மறுநாள் சாவித்ரி நோட்டும் பேனாவுமாகப் படியேறினாள். முதலில் சிவகாமியம்மாள் வீடு.

"நேக்கா? சக்கரையா? சிவசிவா! எங்க வம்சத்திலேயே கெடையாதுடி. பேத்திக்கு ஜாதகம் எடுத்திருக்கற சமயம், வாசல்ல நின்னு இப்படி உரக்கக் கேட்டா நாலு பேர் என்ன நெனைப்பா?" என்றவள், குரலை இறக்கிக்கொண்டாள். "எதிராத்துத் தாணுமாலையனுக்கு உண்டு, கேட்டியா. எழுதிக்கோ. நான் சொன்னேன்னு எழுதாதே."

எதிர் வீட்டில் தாணுமாலையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் கல்லு மாதிரி இருக்கேனாக்கும்."

"மூணு நாள் முந்தி ஆஸ்பத்திரியில பாத்தேனே மாமா?"

"அது என் தூரத்து உறவுக்காரன் ஒருத்தனைப் பாக்கப் போனது."

"மாத்திரை வரிசையிலயா?"

"அவன் வரிசையில நின்னா நான் வரிசையிலதானே பாக்கணும்? அது கெடக்கட்டும், சிவகாமிக்கு இருநூத்தி எண்பது. அதை எழுது முதல்ல."

தெரு முழுக்க இதே கதைதான். பெண்ணோ பிள்ளையோ கல்யாணத்துக்கு நிற்காத வீடு இல்லை. வியாதியை ஒத்துக்கொண்ட வாயும் இல்லை. சாவித்ரி தன் வீட்டுக்கு மட்டும் கேள்வி கேட்காமலே எழுதிக்கொண்டாள். சாம்பசிவன் திடகாத்திரமானவர், அவளுக்குத் தெரியாதா?

ஜெபசிங் நோட்டைக் கூட்டிப் பார்த்தார். இன்னொரு தடவையும் கூட்டினார்.

"தனக்கு இருக்குன்னு சொன்னவங்க சைபர். அடுத்தவனுக்கு இருக்குன்னு சொன்னது நூத்தி முப்பத்தொண்ணு. தெருவுல உள்ளதே நூத்திப் பதினெட்டுப் பேர்."

"மிச்சம் பதிமூணு?"

"இனி குடிவரப் போறவங்களா இருக்கும்."

மனிதர் பொய் சொல்வார், மாத்திரை சொல்லாது என்று அவரே ஒரு வழியும் சொன்னார். சாவித்ரி தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்கார வேலாயுதன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"மாமி, உங்க தெருக்காரங்க எங்கிட்ட வாங்கறது இஞ்சி மிட்டாயும் தைலமும்தான். சக்கரை மாத்திரைக்கு எல்லாரும் ஆட்டோ பிடிச்சு கிழக்கேகோட்டை தாண்டிப் போவாங்க, ஆருக்கும் தெரியப்படாதுல்லா. அந்தப் பக்கத்து ஆளுங்க ஆட்டோ பிடிச்சு இங்க வருவாங்க."

"அப்போ உம்ம கடைக் கணக்கு?"

"அது அவங்க தெருவோட சூக்கேடு, அவங்க வியாதி மாமி. உங்களுக்கு உபயோகப்படாது."

புதன்கிழமை ஆகிவிட்டது. ஜெபசிங் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வார்டு வார்டாகக் கிடைத்த அரசாங்கக் கணக்குகளை வைத்து ஊரின் வரைபடம் ஒன்று போட்டார். ஊரெல்லாம் குங்குமச் சிவப்பு; நடுவில் இவர்கள் தெரு மட்டும் வாழைக்குருத்துபோல் பச்சை.

"இதைப் பாக்கறவன் எவனும் 'இதுல ஏதோ தப்பு இருக்கு'ன்னு கேப்பான். கேள்வி வந்தா அதிகாரிங்க அசைவாங்க" என்று ஓய்வூதியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. 'அனந்தபுரியின் ஒரே சர்க்கரை இல்லாத தெரு' என்று யாரோ தலைப்புக் கொடுத்து, இரண்டு கைகூப்பும் படத்தையும் சேர்த்து அனுப்ப, அது கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. வியாழக்கிழமை காலையில் ஒரு கல்யாணத் தரகர் வேர்க்க விறுவிறுக்கத் தெருவுக்குள் வந்தார்.

"மூணு வரன், மூணும் அமெரிக்கா. தெருப் பேரைச் சொன்னதும் ஜாதகமே வேண்டாம்னுட்டா! ரத்தம் சுத்தமா இருந்தாப் போதுமாம்!"

அதற்கு மேல் கேட்கவேண்டுமா? சாயங்காலமே சங்கம் அவசரமாகக் கூடியது. வெள்ளிக்கிழமை டாக்டரை அழைத்துச் சால்வை போடுவது, 'ஆரோக்கியத் தெரு' என்று பேனர் கட்டுவது, கொழுக்கட்டை ரகசியத்தைப் பற்றிச் சிவகாமியம்மாள் உரையாற்றுவது என்றெல்லாம் தீர்மானம் ஆயிற்று.

"அப்போ கிளினிக்?" என்றாள் சாவித்ரி.

"சூக்கேடே இல்லாத தெருவுக்குக் கிளினிக் எதுக்குடி?" என்றார் தாணுமாலையன், வீங்கிய காலை மெல்லத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு. "நீ இனி ஒரு வார்த்தை பேசினா வேற செயலாளரைப் பாத்துக்குவோம்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பஜனை மடம் நிறைந்திருந்தது. டாக்டர் ஜெயஷீலா சால்வையைப் போர்த்துக்கொண்டு, என்ன நடக்கிறதென்று புரியாமல் உட்கார்ந்திருந்தார். பழைய பதிவேட்டைத் தேடிக் கொண்டுவர அவர் சொல்லியிருந்ததால், தூசி தட்டிய நோட்டு ஒன்றை அணைத்துக்கொண்டு பக்கத்தில் ஷிபா. சாவித்ரி கடைசி வரிசையில் வெறுங்கையோடு இருந்தாள். ஒரு வாரம் அலைந்ததற்கு அவளிடம் இருந்ததெல்லாம் நூற்று முப்பத்தொரு கோள்தான்.

வரவேற்புரை நீண்டது. அதற்கு நன்றியுரை இன்னும் நீண்டது. பன்னிரண்டரை மணிக்குத்தான் சிவகாமியம்மாளின் முறை வந்தது. பேசி முடித்துச் சாப்பிடலாம் என்று அவள் காலையில் பலகாரத்தைத் தள்ளிவைத்திருந்தாள். மாத்திரையைத் தள்ளிவைக்கவில்லை.

"எங்க தெருவுல சக்கரைங்கற பேச்சுக்கே எடமில்லை" என்று மைக்கைப் பிடித்தாள். "ஏன்னா, கொழுக்கட்டை… கொழுக்… கட்…"

நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கை நடுங்கி மைக் நழுவியது. சிவகாமியம்மாள் அப்படியே ஆடி ஆடிச் சரிந்து நாற்காலியில் விழுந்தாள்.

"சக்கரை லோ ஆயிடுத்து!" என்று ஒரே நேரத்தில் முப்பது குரல்.

அடுத்த நொடியில் நடந்ததைச் சாவித்ரி ஜன்மத்துக்கும் மறக்கமாட்டாள். சட்டைப் பைகள் திறந்தன. இடுப்பு முடிச்சுகள் அவிழ்ந்தன. கைக்குட்டைகள் பிரிந்தன. மூக்குப்பொடி டப்பா என்று ஊரே நம்பியிருந்த ஒன்றிலிருந்து கற்கண்டு கொட்டியது. தாணுமாலையன் வீங்கிய காலை மறந்து பாய்ந்துவந்து ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். மேடையைச் சுற்றி மிட்டாய் பிடித்த கைகள் காடாக நீண்டன. அந்தக் காட்டில், மோதிரத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்த ஒரு கையும் இருந்தது.

"ஏன்னா! உங்களுக்குமா?"

"எட்டு வருஷமாச்சு" என்றார் சாம்பசிவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "சொன்னா நீ பாயசத்தை நிறுத்திடுவாயே."

குளுக்கோஸ் உள்ளே போனதும் சிவகாமியம்மாள் கண் திறந்தாள். சுற்றிலும் நீண்டிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எல்லாத் திருட்டுக் கழுதைகளும் இங்கேதான் இருக்கேளா?" என்றாள் ஈனஸ்வரத்தில்.

முதலில் தாணுமாலையன் சிரித்தார். பிறகு மடமே சிரித்தது. வருஷக்கணக்காக மூச்சைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஒன்றாக விட்டதுபோல் இருந்தது அந்தச் சிரிப்பு.

டாக்டர் சால்வையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"ஒருத்தரும் கையை இறக்காதீங்க. ஷிபா, எண்ணு."

நாற்பத்து நான்கு. ஷிபா ஒவ்வொரு கையாகப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டாள், ஒருவரும் மறுக்கவில்லை. ஜெபசிங் கண் கலங்கி, "முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சர்வே பாத்ததில்லை" என்றார்.

"இது போதும். புதன்கிழமைக் கிளினிக் இந்த மடத்துலதான். நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தாணுமாலையன் சாவித்ரியின் தலையில் கைவைத்து, "நீதாண்டி செயலாளர், ஆயுசுக்கும்" என்றார். அத்தோடு அவள் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் ஜெயித்தவளுக்கு ஒரு வாரத்து அலைச்சல் நினைவுக்கு வந்துவிட்டது. மேடையேறி மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்கோ! இத்தனை கூத்துக்கும் காரணம் அந்த முதல் சைபர். அந்தப் பொய்யை ஆரம்பிச்சு வச்ச பொறுப்பில்லாத ஜன்மம் ஆருன்னு இந்தச் சபையில தெரிஞ்சாகணும். ஷிபா, அந்த நோட்டைத் திற. சொன்னவா பேர் அதுல இருக்கோல்லியோ?"

"இருக்கு மாமி. ஆனா வேண்டாம்…"

"ஆராயிருந்தாலும் எனக்குப் பயமில்லை. உரக்கப் படி!"

ஷிபா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். மடம் முழுக்கக் காதாக இருந்தது. ஷிபா நோட்டைத் திறந்தாள். திறந்தவள் அதைப் படிக்காமலே மூடிவிட்டுச் சொன்னாள்:

"மாமி, ரெண்டு வருஷம் முந்தி உங்க மகளைப் பொண்ணு பாக்க வந்திருந்த அன்னைக்கு நான் உங்க வாசலுக்கு வந்தப்போ, உள்ள இருக்கறவங்க காதுல விழணும்னு, 'எங்க தெருவுலயே ஒருத்தருக்கும் ஒரு சூக்கேடும் கெடையாது, மொத்தமா சைபர் போட்டுட்டுப் போ'ன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுத் தந்தது நீங்கதானே?"