பெரிய ஜட்ஜுக்கு மாலை

"நான் வரமாட்டேன்" என்றாள் பீபி ஜான். கத்தரிக்காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

மஸ்தான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். தேரடித் தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் பலராமன் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்தைதான். 'ஐயா, உங்களாலதான் எங்க கடை பொழச்சுது'ன்னு மேடையில சொல்லிட்டு ஒரு மாலை போட்டுட்டு வந்துடு."

"அந்த வேலைக்குத்தானே அவருக்கு சம்பளம் குடுக்கறாங்க? தபால்காரர் லெட்டர் குடுத்தா மாலையா போடறோம்?"

"மெதுவா பேசு."

"மெதுவாவே சொல்றேன். வரமாட்டேன்."

தேர் திரும்புகிற முனையில் இருந்த சின்னக் கடைகளை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று முன் வருஷம் உத்தரவு வந்தது. மஸ்தானின் வளையல் கடையும் அதில் ஒன்று. வியாபாரிகள் மெட்ராஸ் வரைக்கும் போய் வழக்காடினார்கள். கடைகள் இருக்கலாம் என்று தீர்ப்பானது. மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியோடு தலைமை நீதிபதியின் படம் வந்தது.

அன்றிலிருந்து திருவண்ணாமலைக்கு அவர்தான் பெரிய ஜட்ஜு. சலூன்காரர் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். பூக்கடை திரௌபதி தன் பேரனை "ஜட்ஜு, பால் குடிடா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். மஸ்தானும் ஒரு படத்தை வெட்டி வளையல்களுக்கு நடுவே தொங்கவிட்டிருந்தார். அந்தப் பெரிய ஜட்ஜு வெள்ளிக்கிழமை சாமி கும்பிட வருகிறார். சங்கம் சும்மா இருக்குமா? கடைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி நாலு பேர் முன்னால் நன்றி சொன்னால்தான் எடுபடும் என்பது பலராமனின் கணக்கு.

மஸ்தான் வெளியே வந்தார்.

"அவ ஊர்ல இல்லீங்க தலைவரே. வேலூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கா."

"உள்ள பொம்பள கொரல் கேட்டுதே பாய்."

"ரேடியோங்க."

"வேலூர்தானே? என் மச்சான் காரு நாளைக்கு அங்கதான் போவுது. திரும்பி வரச்சொல்ல ஏத்திக்கினு வந்துடட்டும். அட்ரஸ் சொல்லு."

"அவளால வர முடியாதுங்க. ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கா."

சொல்லி முடித்ததும் தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. சளிக்கும் ஜுரத்துக்கும் யாரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பலராமன் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, மஸ்தானின் தோளில் கை வைத்தார்.

"வேலூருக்கே எழுதிட்டாங்களா? ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் மஸ்தானிடம் காசு வாங்க மறுத்தார். பள்ளிவாசலில் துவா ஓதினார்கள். பலராமன் பெரிய கோயிலில் பீபி ஜான் பேருக்கு அர்ச்சனை செய்யப் போய், நட்சத்திரம் கேட்டதற்கு முழித்து, கடைசியில் தன் பெண்சாதியின் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டு வந்தார்.

பீபி ஜானால் வாசற்படி தாண்ட முடியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க மஸ்தானே போனார். வரிசையில் நின்ற பெண்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு இன்னா வியாதி?" என்று கேட்டாள் பீபி ஜான்.

"இன்னும் முடிவாகல."

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க. வூட்ல உப்பு இல்ல."

வெள்ளிக்கிழமை காலை தேரடியில் பந்தல் நிரம்பி வழிந்தது. பெரிய ஜட்ஜு ஒல்லியாக, உயரமாக, படத்தில் இருப்பதைவிட வயதானவராக இருந்தார். மாலைகள் அவர் காதுவரை ஏறின. அவர் பேச எழுந்தபோது நாதஸ்வரம் ஆரம்பித்தது. அது ஓய்ந்து அவர் வாயைத் திறந்தபோது கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் பலராமன் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"வேலூர் ஆஸ்பத்திரியில கெடந்துகினு, ஐயாவைப் பாக்காம நான் கண்ண மூடமாட்டேன்னு சொல்ற ஒரு தாய் இந்தத் தெருவுல இருக்காங்க. நம்ம மஸ்தான் பாயோட சம்சாரம்."

கூட்டத்தில் விம்மல் கேட்டது. மஸ்தான் பந்தல் காலுக்குப் பின்னால் நகர்ந்தார்.

நீதிபதி அவரைப் பக்கத்தில் அழைத்தார். "நான் வேலூர் வழியாத்தான் திரும்பிப் போறேன். அவசியம் பார்த்துட்டுப் போறேன். எந்த வார்டு?"

பலராமனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நீதிபதியிடம் வார்டு நம்பரை எப்படி இட்டுக்கட்டுவது?

"இப்ப... வூட்டுக்கு வந்துட்டா ஐயா. காலைலதான் கூட்டியாந்தேன்."

"அப்ப ரொம்ப நல்லதா போச்சு. வீட்டுக்கே போகலாம்."

அம்பாசிடர் கார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு புறப்பட்டது. நீதிபதிக்குப் பக்கத்தில் ஒட்டாமல் உட்கார்ந்திருந்த மஸ்தான் கதவுப் பிடியை விடவே இல்லை. வீட்டுச் சந்து தெரியும்போது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"ஐயா, மன்னிக்கணும். அவளுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஒங்களுக்கு மாலை போட வரமாட்டேன்னுட்டா. அத மறைக்கத்தான் ஒவ்வொண்ணா சொல்லி இங்க வந்து நிக்குது."

நீதிபதி அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கொஞ்சம் உற்சாகம் மாதிரிகூட இருந்தது.

"ஏன் போடமாட்டாங்களாம்?"

"வேலைய செஞ்சதுக்கு எதுக்கு மாலைன்னு கேக்கறா."

"அப்ப அவங்களைக் கட்டாயம் பாக்கணும்" என்றார் நீதிபதி. பின்னாலேயே வந்த சங்கத்துக்காரர்களைச் சந்து முனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினார்.

பீபி ஜான் திடுக்கிட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மஸ்தான் கலர் சோடா வாங்கி வருவதாகச் சொல்லிப் புறவாசல் வழியாக ஓடினார். உண்மையில் அந்த இடத்தில் நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. அவள் தபால்காரரைப் பற்றி ஆரம்பிப்பாள். நாளைக்கே இன்னொரு உத்தரவு வந்தாலும் வரும். கடை போச்சு.

கலர் பாட்டிலோடு அவர் திரும்பி வந்தபோது, நீதிபதி பீபி ஜான் போட்ட டீயைக் குடித்து முடித்து எழுந்துகொண்டிருந்தார்.

"வரேம்மா. மனசு லேசாச்சு" என்றார்.

பீபி ஜான் அவருக்குப் பின்னாலேயே தெருவில் இறங்கினாள். கார் வரைக்கும் நடந்து போய், "பாத்துப் போங்க ஐயா. அடுத்த வாட்டி சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றாள். கார் கிளம்பியதும் இரண்டு கையையும் கூப்பியபடி அது திரும்பி மறையும் வரை நின்றாள்.

சந்து முனையில் தெருவே கூடி நின்று பார்த்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் தன் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா வந்து ஒரு பார்வ பாத்தாரு, எழுந்துட்டாங்கடி" என்றாள் பூக்கடை திரௌபதி. பலராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மஸ்தான் அவசரமாகப் பெண்சாதியை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடைக்கு வர மாட்டேன்னு நாலு நாளா என்ன அந்தப் பாடு படுத்தின. இப்ப தெருவுல நின்னு கும்புடு போடறியே, கடைய காப்பாத்தினவர்னு இப்பத்தான் புரிஞ்சுதா?"

பீபி ஜான் டீ டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

"நம்ம கேஸ கேட்ட மூணு ஜட்ஜுல, கடைங்கள எடுத்தே ஆவணும்னு எழுதின ஒருத்தர் இவருதானாம், காலைலருந்து அதச் சொல்றதுக்கு மைக்க கேக்கறாராம், ஒருத்தரும் குடுக்கலியாம்."