கூடைக்குள் குழந்தை இயேசு

ஓவியத்தை இரண்டே வருடம் படித்தவனைப் போல் ஆபத்தானவன் கிடையாது. பத்து வருடம் படித்தவனுக்குக் கொஞ்சம் சந்தேகமாவது வந்திருக்கும். எனக்கு அந்த வயதில் சந்தேகமே வந்ததில்லை.

டிப்ளோமாவோடு வட்டகொடையில் ரயிலிறங்கி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய டிசம்பரில், கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு திரை வரைந்து தரும்படி ஃபாதர் கேட்டார். ஈச்சமரமும் ஒட்டகமும் போதும் என்றார். விட்டேனா? எத்தியோப்பியாவில் மாதா கறுப்பு, ஜப்பானில் கிமோனோ, பெல்ஜியத்துக்காரன் பெத்லகேமில் பனியே கொட்ட வைத்தான், அவரவர் மண்ணில்தான் அவரவர் தெய்வம் பிறக்கும் என்று அரைமணி நேரம் பொழிந்தேன். (ஃபாதரின் தேத்தண்ணி ஆறிப்போனது. பாவம், நல்ல மனுஷன்.)

உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. படம் கீறுவதெல்லாம் ஒரு படிப்பா என்று எங்கள் வரிசை வீட்டு லயமே சிரித்தபோது எனக்காகச் சண்டை போட்டவர் அம்மா ஒருவர்தான். அவர் தோற்கவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் காட்ட வேண்டும். மாதாவுக்கு அம்மாவின் முகத்தையே வைத்தேன். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. கூடைக்குள் ஒளிவட்டத்தோடு சிரிக்கும் குழந்தை இயேசு. பின்னால் மலை மலையாய்ப் பச்சை. அதற்கும் மேலே, மூன்று நாள் உருகி உருகித் தீட்டிய வானம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் திரையை விரித்தார். அப்படியொரு அமைதி. கலை வென்றுவிட்டது என்றே நினைத்தேன்.

அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் ரீட்டா சித்தி, படத்தை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏன் செபமாலக்கா, புள்ளையக் கூடையில போட்டுட்டீங்களே, கொழுந்த எங்க போடுவீங்க?"

முகம் அம்மாவுடையது என்பதால் வழக்கும் அம்மா மேல்தான். கோயில், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்களம்போல் இரைந்தது. பிள்ளையை அட்டை கடிக்காதா என்றார்கள். பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போனால் ஆயம்மா பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றார்கள். பெற்றவள் செய்கிற வேலையா இது என்றார்கள். எனக்கு அந்த ஒட்டகத்தில் ஏறி எகிப்துக்கே ஓடிவிடலாம் போலிருந்தது. (வரைந்திருந்தால்தானே.)

அம்மா கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"கயித்தத் தோள்லயாடா மாட்டுவோம்? தலையிலடா. பொறந்ததுலேருந்து நீ பாக்குற கூடைதானே?"

எத்தியோப்பியா வரைக்கும் பார்த்தவன் நான். அம்மாவின் உச்சந்தலையைப் பார்த்ததில்லை.

அடுத்து அவர் ஃபாதரிடம் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"பெயிண்டு மிச்சம் இருக்குங்களா ஃபாதர்?"

கிறிஸ்மசுக்குள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து திரையைத் திருத்தி முடித்துவிட்டார்கள். கயிறு தலைக்கு ஏறியது. கூடை கொழுந்தால் நிறைந்தது. மூலையில் ஒரு பிள்ளைக்காம்பரா முளைத்தது. குழந்தை ஆயம்மாவின் மடிக்குப் போனது. மத்தியானம் பால் கொடுக்க, மூச்சிரைக்க, மாதா இறக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கால் இரண்டும் கோணல்தான். ஆனாலும் அந்த ஓட்டத்தை எந்த நாட்டு ஓவியத்திலும் நான் கண்டதில்லை.

இன்றும் டிசம்பர் தோறும் அந்தத் திரை ஏறுகிறது. யார் வரைந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், என் பிள்ளைகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு என் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா பெருமையாகவே சொல்வார்:

"வானம் மட்டும் எங்க பையன் போட்டது. நல்லாத்தான் இருக்கு. அங்க யாரும் வேலை செய்யல பாருங்க."